தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு

நோயாளியைப் பார்த்து மருந்து கொடுப்பதற்குப் புள்ளி கிடையாது என்பதை எனக்கு விளக்கிச் சொன்னவர் டாக்டர் அம்பலவாணர். அதற்கு முன்னால், டாக்டர்கள் வேறு எதற்கு இருக்கிறார்கள் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை. மலையில் வேலை செய்கிறவனுக்கு யோசிக்க நேரம் குறைவு.

அம்பலவாணர் ஓய்வு பெற்ற பெரிய டாக்டர். பதுளை டவுனில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் ‘ஊவா மருத்துவர் கற்பித்தல் ஆற்றல் விருத்தி நிலையம்’ என்று ஒன்றை நடத்தி வந்தார். பெயர்ப்பலகை கடையை விட நீளமாகிவிட்டதால், கடைசிச் சொல் பக்கத்து நகைக்கடைச் சுவரில் ஏறியிருந்தது.

விஷயம் இதுதான். சாதாரண டாக்டர் ஒருவர் நிபுணராக வேண்டுமென்றால் மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒவ்வொன்றுக்கும் புள்ளி. மாநாட்டுக்குப் போனால் புள்ளி. யாரோ எழுதிய கட்டுரையில் ஏழாவது பெயராக இருந்தால் புள்ளி. பிறருக்குக் கற்பித்தால் நிறையப் புள்ளி. ஆனால் சும்மா கற்பித்தால் செல்லாது. எப்படிக் கற்பிப்பது என்று முதலில் பயிற்சி எடுக்க வேண்டும். பிறகு ஆட்களை உட்கார வைத்துக் கற்பிக்க வேண்டும். அந்த ஆட்கள் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். சராசரி எட்டுக்குக் குறைந்தால் கற்பித்ததாகவே கணக்கில்லை. பயிற்சியை அம்பலவாணர் கொடுத்தார். ஆட்களையும் அவரே தேடிக் கொடுத்தார்.

ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. முதலில் தாதிமாரைப் பிடித்தார்கள். கை கழுவுவது எப்படி என்று ஒரே வருடத்தில் பல தடவை கற்றுக்கொண்ட தாதிமார், வெள்ளைக்கோட்டுக்காரர் யாராவது சிரித்த முகத்தோடு வந்தாலே மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். பிறகு ஹாலிஎல பக்கம் ஒரு முதியோர் சங்கம். அவர்கள் முழுநேரமும் தூங்கினார்கள். தூங்குகிறவர்கள் மார்க் போடுவதில்லை. அப்போதுதான் தேயிலைத் தோட்டம் என்று ஒன்று இருப்பது யாருக்கோ ஞாபகம் வந்திருக்கிறது. தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூப்பிட்டால் ஆள் வந்து நிற்கும். எதற்கு என்று கேட்காது.

எங்கள் தோட்டம் ஸ்பிரிங்வெளிக்கும் மேலே. காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு, கணக்கப்பிள்ளை கஜேந்திரன் அறிவித்தார்.

“புதன்கிழமை பின்னேரம் எல்லாரும் மடுவத்துக்கு வந்துருங்க. டாக்டருங்க பாடம் நடத்துறாங்க. வர்றவங்களுக்கு அரைப்பேர் போடுவேன், அரை நாள் சம்பளம்.”

“புதன்கிழமை மருந்து நாளுங்களே,” என்றாள் என் மனைவி தனலெட்சுமி.

“ஆமா. அதே டாக்டருதான் வருவாரு.”

“அப்ப மருந்து?”

“மருந்து இல்ல. படிப்பு.”

தனலெட்சுமிக்குச் சீனி வருத்தம் உண்டு. கவ்வாத்து மலையில் வெட்டிவிட்ட தேயிலைக் குச்சி ஒன்று, வலது கால் சுண்டுவிரலுக்குக் கீழே ஏறிப் புண்ணாகியிருந்தது. புதன்கிழமைகளில் வரும் டாக்டர் நிரோஜன்தான் அதைத் துடைத்து மருந்து கட்டுவார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மண் சரிந்ததிலிருந்து எங்கள் ரோட்டில் பஸ் இல்லை. கொழுந்து லொறி வேறு பாதையில் போய் வரும். ஆனால் அதில் கொழுந்துக்குத்தான் காப்புறுதி, ஆளுக்கு இல்லை. நடந்து இறங்கினால் சந்தியில் பஸ் பிடிக்கலாம். அதற்கு நல்ல கால் வேண்டும். நல்ல கால் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போகிறோம்?

புதன்கிழமை ஜீப் வந்தது. அதே நிரோஜன், அதே மருந்துப்பெட்டி. பெட்டியை ஜீப்பிலேயே விட்டுவிட்டு இறங்கினார். பின்னால் அம்பலவாணர் கழுத்துப்பட்டியோடு இறங்கினார்.

மடுவம் என்பது நாங்கள் பறித்த கொழுந்தை நிறுக்கிற தகரக் கொட்டகை. நடுவில் தராசு தொங்கும். படம் காட்டும் வெள்ளைத் திரையை மாட்ட வேறு இடம் இல்லாததால் தராசுக் கொக்கியிலேயே மாட்டினார்கள். முள் கொஞ்சம் அசைந்தது. கணக்கப்பிள்ளை பழக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

பாடம் கை கழுவுதல். கை கழுவுவதில் ஏழு படிகள் இருக்கின்றன என்று நிரோஜன் சொன்னார். மண்சரிவோடு, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துப் பைப்பும் போயிருந்ததால் தண்ணீர் இல்லாமலே ஏழு படிகளையும் செய்தோம். ஒரு கொட்டகை நிறைய ஆட்கள் வெறுங்கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அம்பலவாணர் கண் கலங்கினார். “பங்கேற்பு, பங்கேற்பு,” என்று நிரோஜன் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

தனலெட்சுமி எழுந்து நின்றாள்.

“டாக்டரய்யா, இந்தக் காலக் கொஞ்சம் பாருங்க.”

நிரோஜன் பழக்கத்தில் குனிந்தார். அம்பலவாணர் இருமினார். நிரோஜன் நிமிர்ந்தார்.

“அம்மா, கேள்வியள் எல்லாம் கடைசியில.”

கடைசியில் கேள்வி இருக்கிறதா என்று கேட்டார்கள். தனலெட்சுமி மறுபடி எழுந்தாள்.

“இந்தக் காலப் பாப்பீங்களா, மாட்டீங்களா?”

“இண்டைக்குக் கையம்மா,” என்றார் நிரோஜன் மெதுவாக. “கால் பாடத்தில இல்லை.”

அப்போதுதான் அம்பலவாணர் முன்னால் வந்து, புள்ளி விஷயத்தை எல்லோருக்கும் விளங்கும்படி பேசினார்.

“அன்பார்ந்த கற்போரே. ஒரு வைத்தியர் ஒரு நோயாளியைக் குணப்படுத்தினால், அதனால் பயன் அடைபவர் அந்த நோயாளி மட்டுமே. அதே வைத்தியர் உங்களுக்குக் கற்பித்தால், பயன் வைத்தியருக்கே வந்து சேருகிறது. சமூகத்தில் யார் யாரை உயர்த்த வேண்டும் என்று நீங்களே சிந்தியுங்கள். இந்த இளம் வைத்தியர்கள் உங்கள் உதவியால் நிபுணர்களாகிக் கொழும்புக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு உங்கள் நோய் எதுவானாலும் அதற்கு ஒரு நிபுணர் நாட்டில் இருப்பார். நீங்கள் கொழும்புக்கு வந்தால் மட்டும் போதும்.”

கைதட்டினோம். கை ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது நான் ஜீப் பக்கத்தில் போய், என் மனைவியைச் சந்தி வரைக்கும் ஏற்றிப் போக முடியுமா என்று கேட்டேன். அம்பலவாணர் வருத்தத்தோடு என் தோளைத் தட்டினார்.

“சன்னாசி, ஜீப் கற்பிப்போருக்கு மட்டும். கற்போரை ஏத்தினால் கணக்காய்வில கேள்வி வரும்.”

அதற்குள் மார்க் போடும் தாள்களை என் கையில் கொடுத்திருந்தார்கள். நான் எழுத்துப் படித்தது தலை நரைத்த பிறகுதான். ஆனாலும் பேனாவைக் கண்டால் ஓடாதவன் என்று தோட்டத்தில் எனக்குப் பெயர். எல்லோருக்கும் நானே எழுதிக் கொடுப்பதென்று ஆனது. எல்லோரும் தராசைச் சுற்றி உட்கார்ந்தோம்.

“பத்துக்கு எத்தனை போட?” என்று கேட்டேன்.

“நிறுத்தது பத்து,” என்றாள் தனலெட்சுமி. “கழிவு போடுங்க.”

“எம்புட்டு?”

“வழக்கமா எம்புட்டோ அம்புட்டுத்தான். தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு.”

யாரும் மறுக்கவில்லை. கோபத்தில் செய்தோம் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அப்படி இல்லை. அந்தத் தராசின் கீழே நின்று நாங்கள் ஆயுள் முழுக்க நிறுத்திருக்கிறோம். தராசு காட்டியதை முழுசாக எழுதி நாங்கள் பார்த்ததில்லை. கொழுந்து ஈரம் என்று ரெண்டு கிலோ போகும், சாக்குக்கு ஒரு கிலோ போகும், மிச்சம்தான் நம்முடையது. அந்த இடத்தில் ஒருவருக்குப் பத்தை அப்படியே பத்தென்று எழுதினால் அதுதான் களவு மாதிரி இருந்திருக்கும். எல்லாத் தாளிலும் ஏழு போட்டேன்.

அடுத்த புதன் டாக்டர் மயூரி வந்தார். பாடம், துயரச் செய்தியை நோயாளியிடம் மென்மையாகச் சொல்வது எப்படி. எங்களை இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவருக்கொருவர் துயரச் செய்தி சொல்லிப் பழகச் சொன்னார். நான் தனலெட்சுமியிடம், இன்றைக்கும் மருந்து இல்லை என்றேன். நன்றாகச் சொன்னீர்கள், கண்ணைப் பார்த்துச் சொன்னீர்கள் என்று மயூரி என்னைப் பாராட்டினார். அன்று மழை. மழை நாளில் தண்ணிக்குக் கூட ஒன்று கழிப்பது வழக்கம். ஆறு போட்டோம்.

அதற்கு அடுத்த கிழமை அம்பலவாணர் தனியாக, கையில் தாள்களோடு வந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் யாரோ செத்தது போல இருந்தது.

“சன்னாசி, இஞ்ச வாரும். ஏன் எல்லாத் தாளிலயும் ஏழும் ஆறும்?”

“கழிவு போட்டதுங்கய்யா.”

“என்ன கழிவு?”

“தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு.”

“டொக்டர் நிரோஜன் சாக்கோடயே வந்தவர்?”

“இல்லீங்க. சாக்கு இல்லாம கூடையில கொண்டாந்தாலும் சாக்குக்குக் கழிப்பாங்க.”

“சரி, தண்ணி? அண்டைக்கு நல்ல வெயில்.”

“வெயிலுன்னாலும் கழிப்பாங்க. காலையில பனி இருந்திருக்கும்பாங்க.”

அம்பலவாணர் கணக்கப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். கணக்கப்பிள்ளை கூரைத் தகரத்தைப் பார்த்தார்.

“அது தோட்டத்து நடைமுறை டொக்டர்,” என்றார் தகரத்திடம்.

“இது அநியாயமல்லோ,” என்றார் அம்பலவாணர். “மனுசன் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்து வைக்கிறதில மூண்டைத் தூக்கிக் கழிக்கிறதெண்டால் அவன் எப்பிடி முன்னுக்கு வாறது?”

கொட்டகையில் இருந்த பெண்கள் எல்லோரும் அவரை ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். எங்களுக்காக இவ்வளவு பேசிய பெரிய மனிதர் யாரும் அதுவரை தோட்டத்துக்கு வந்ததில்லை. நிரோஜனுக்காகப் பேசுகிறார் என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“கழிவில்லாமல் நிறுக்கிறதே இல்லையோ?” என்று கேட்டார்.

நான் யோசித்தேன். “ஒரு வழி இருக்குங்க. கொழுந்தப் படங்குல கொட்டிக் காட்டிட்டா கழிக்க முடியாது. ஈரமா, முத்தலா, என்ன இருக்குன்னு எல்லாரும் கண்ணால பாத்துர்றாங்க. பெறகு என்னத்தச் சொல்லிக் கழிக்கிறது? சாக்குக்குள்ள மறைஞ்சு இருக்கிறதுக்குத்தாங்க கழிவு.”

“கொட்டிக் காட்டுறதெண்டால், எங்கட பாடத்தில எப்பிடி?”

தனலெட்சுமி தரையில் விரித்திருந்த படங்கின் மேல் காலை நீட்டினாள்.

“இதுல கொட்டச் சொல்லுங்க,” என்றாள்.

அடுத்த புதன்கிழமைப் பாடத்தின் பெயர் ‘புண் பராமரிப்பு: ஒரு செயல்முறை விளக்கம்’. மயூரி பெட்டியோடு இறங்கினார். திரையில்லை. தனலெட்சுமி படங்கில் உட்கார்ந்தாள். “அம்மா, காலை ஒருக்கா இஞ்சால நீட்டுங்கோ,” என்றார் மயூரி. பழைய துணியை அவிழ்த்தார், முகம் சுளிக்காமல் கழுவினார், செத்த தோலை வெட்டினார், மருந்து வைத்துக் கட்டினார். ஒவ்வொன்றையும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே செய்தார். சீனி வருத்தத்துக்குக் குளிசையும் எண்ணிக் கொடுத்தார்.

“ஈரம் இருந்துச்சா?” என்று கேட்டேன் ஆட்களை.

“இல்ல.”

“மறைச்சு ஏதும்?”

“எல்லாந்தான் கொட்டிக் காட்டிட்டாங்களே.”

பத்து போட்டேன். எங்கள் மடுவத்தில் முழுசாக எழுதப்பட்ட முதல் நிறுவை அதுதான்.

பத்து என்ற செய்தி பதுளை, பண்டாரவளை என்று பரவியது. பயிற்சிக்குச் சேர்ந்திருந்த டாக்டர்கள் எல்லோரும் எங்கள் தோட்டமே வேண்டும் என்று நின்றார்கள். புதன் போதாமல் வெள்ளியும் ஜீப் வந்தது. ஒருவர் காதுப் பராமரிப்பு கற்பித்தார். லயத்தில் சீழ் வடிந்த காதெல்லாம் வரிசையில் நின்றது. ஒருவர் பிரஷர் பார்ப்பது எப்படி என்று கற்பித்தார். கங்காணிமாரின் கோபத்துக்கு அன்றுதான் காரணம் தெரிந்தது. இருமலுக்கு ஒருவர், சிரங்குக்கு ஒருவர். யாருக்கும் வைத்தியம் செய்யப்படவில்லை. எல்லோருக்கும் செய்து காட்டப்பட்டது.

நிலையத்தின் அறிக்கையில் எங்களைக் ‘கற்பித்தல் உபகரணங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். தனலெட்சுமியின் கால்தான் முதல் உபகரணம்.

“உபகரணம்னா என்னாங்க?” என்று என்னைக் கேட்டாள்.

“சாமான்.”

“சாமான்னு சொன்னா என்ன, சட்டின்னு சொன்னா என்ன. துணி மாத்துறாங்கள்ல.”

புண் சுருங்கி வந்தது. அவள் செருப்புப் போட்டு நடந்தாள். நிரோஜனுக்குத்தான் அதில் கவலை. தனலெட்சுமியின் காலுக்கு அவருடைய முறை வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒருநாள் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அம்மா, கோவிக்காதையுங்கோ. அதுக்குள்ள முழுசா ஆறிடாதெண்டு நினைக்கிறன். என்ன?”

“பாத்துக்கிறேங்க டாக்டரய்யா,” என்றாள் அவள், வீட்டில் உப்புக் கடன் கேட்டவருக்குச் சொல்வது போல.

அப்போது கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்தது. ஒரு தோட்டத்தில் மட்டும் சராசரி பத்து வருவதால், நேரில் பார்த்து மதிப்பிடப் பேராசிரியர் விசாலாட்சி அடுத்த மாதம் வருகிறார். அம்பலவாணர் அன்றைக்கே வந்து எங்களையும் டாக்டர்களையும் மடுவத்தில் கூட்டினார்.

“ஒரு பாரதூரமான விடயம் என் கவனத்துக்கு வந்துள்ளது,” என்று ஆரம்பித்தார். “இந்தக் கற்கைநெறியில் சிலர் குணமடைந்து வருகிறார்கள்.”

தனலெட்சுமி செருப்புப் போட்ட காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“கற்பித்தல் என்பது வேறு, வைத்தியம் என்பது வேறு. கற்பித்தலால் ஒருவர் குணமடைந்தால் அது வைத்தியம் ஆகிவிடும். வைத்தியம் ஆகிவிட்டால் புள்ளி ரத்து. பல இளம் வைத்தியர்களின் எதிர்காலம் உங்கள் உடம்பில் தங்கியிருக்கிறது. ஆகவே மதிப்பீடு முடியும் வரை எல்லாச் செயல்முறை விளக்கங்களும் நிறுத்தப்படுகின்றன. குணமடைந்தவர்கள் தயவுசெய்து அதை வெளிக்காட்டிக்கொள்ள வேண்டாம்.”

“ஆறாதவங்க?” என்றாள் தனலெட்சுமி.

“அவர்கள் வழமைபோல இருக்கலாம்.”

மறுபடி திரை வந்தது. தலைமைத்துவம் கற்றோம். நேர முகாமைத்துவம் கற்றோம். மயூரி இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது. பத்துக்குப் பத்து வாங்கிய கையோடு அவருக்குப் புள்ளி நிறைந்துவிட்டது. நிறைந்தவர்கள் வருவதில்லை. பெட்டி மறுபடி ஜீப்பிலேயே இருந்தது. குளிசையும் தீர்ந்தது. நானும் கொதித்தாறிய தண்ணீரில் கழுவி, மயூரி செய்து காட்டியபடி கட்டிப் பார்த்தேன். ஆனால் மலையில் மழை. அட்டை கடித்த கால், சேற்றில் ஊறிய கால். மூன்றாவது கிழமை சுண்டுவிரல் நாவற்பழ நிறத்துக்கு வந்தது. பிறகு கறுத்தது. வலிக்கிறதா என்று கேட்டேன்.

“வலிக்கலங்க,” என்றாள். “அதான் பயமா இருக்கு.”

லயத்தில் ஆள் பிடித்துக் கம்பளியில் தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்று பேசி வைத்தோம். ஒரு நாளைக்குப் பொறுங்கள், நாளைக்கு மதிப்பீடு, ஜீப் வரும் என்றார் கணக்கப்பிள்ளை. ஜீப் வரும், ஏற்றாது என்று நான் சொன்னேன். இருந்தாலும் தனலெட்சுமி, “நாளைக்குப் போய் உக்காருவோம்,” என்றாள்.

பேராசிரியர் விசாலாட்சி வந்தார். நல்ல உயரம், நரைத்த கொண்டை, கையில் ஒரு சிறு மணி. பேச்சு நீண்டால் அடிப்பதற்காம். அம்பலவாணர் வரவேற்புரையில் நான்காவது முறை “உன்னத” என்று சொன்னபோது அடித்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

“கற்பித்தல் நடந்ததா என்பதைக் கற்பித்தவர்களிடம் கேட்பதில்லை. கற்றவர்கள் காட்ட வேண்டும். உங்களில் யாராவது ஒருவர், இங்கே கற்றதை முன்னால் வந்து செய்து காட்டுங்கள்.”

அம்பலவாணர் எங்களைப் பார்த்துக் கையைத் தேய்த்துக் காட்டினார். கை கழுவுதலைச் செய்யுங்கள் என்று அர்த்தம்.

தனலெட்சுமி எழுந்தாள். கெந்திக்கெந்தி முன்னால் போய், திரையைச் சுட்டும் தடியை நிரோஜன் கையிலிருந்து வாங்கினாள்.

“வணக்கம். என் பேரு தனலெட்சுமி. இன்னைக்குப் பாடத்தோட நோக்கம் ஒண்ணு. பாடம் முடியறப்ப, இங்க இருக்கிற டாக்டருங்க ஒரு காலப் பாக்கத் தெரிஞ்சிருக்கணும். கேள்வியெல்லாம் கடைசியில.”

எத்தனை புதன்கிழமை உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். நிற்கும் விதம், பல் தெரியாத சிரிப்பு, ஒவ்வொருவர் கண்ணையும் மாறி மாறிப் பார்ப்பது, எல்லாம் அச்சாக அப்படியே வந்தது. விசாலாட்சி எழுத ஆரம்பித்தார். “நோக்கம் தெளிவு,” என்று முணுமுணுத்தார்.

“மொதல்ல, ஒங்களுக்கு என்ன தெரியும்னு பாப்போம்,” என்று சொல்லி, கணக்கப்பிள்ளையின் ஸ்டூலில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். நாற்றம் கொட்டகை முழுக்க ஏறியது. “டாக்டர் நிரோஜன். இந்த வெரலு என்ன நெறம்?”

நிரோஜன் அம்பலவாணரைப் பார்த்தார்.

“அவரப் பாக்காதீங்க. கேள்வி ஒங்களுக்கு.”

“கறுப்பு,” என்றார் நிரோஜன்.

“நல்லாச் சொன்னீங்க. கறுப்புன்னா என்ன அர்த்தம்?”

நிரோஜன் குனிந்து பார்த்தார். “சதை செத்திட்டுது.”

“மென்மையாச் சொல்லணும். கண்ணப் பாத்துச் சொல்லணும்.”

அவர் அவள் கண்ணைப் பார்த்தார். இந்த முறை திரும்பவே இல்லை.

“அம்மா, விரல் செத்திட்டுது. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகாட்டில் காலும் போயிடும்.”

“அப்ப டாக்டருங்க என்ன செய்யணும்?”

“துப்புரவாக்கி, மூடி, கடிதம் எழுதிக் குடுத்து அனுப்பவேணும்.”

“வாயால சொன்னா சாக்குக்குள்ள இருக்கிற மாதிரி. கழிவு போட்டுருவோம். கொட்டிக் காட்டுங்க.”

நிரோஜன் ஓடிப்போய் ஜீப்பிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்தார். தரையில் மண்டியிட்டு, சொன்னதையெல்லாம் செய்தார். கடிதமும் எழுதினார். அம்பலவாணர் வாயைத் திறந்தபோது விசாலாட்சி மணியை அடித்தார்.

பாடம் முடிந்தது. விசாலாட்சி எழுந்து நின்று கைதட்டினார்.

“நான் பார்த்த மிகச் சிறந்த கற்பித்தல். முன்னறிவைச் சோதித்தார். கற்போரைப் பங்கேற்க வைத்தார். செய்கையால் உறுதிப்படுத்தினார். அந்த உபகரணம்கூட மிகவும் தத்ரூபமாக இருந்தது. இந்த அம்மாவுக்குக் கற்பித்தலில் பயிற்சி கொடுத்தது யார்?”

“எங்கட நிலையம்தான்,” என்றார் அம்பலவாணர், முன்னால் வந்து.

“அப்படியானால் இவர் கற்பிப்போர் பட்டியலில் இருக்கிறாரா?”

அம்பலவாணர் கழுத்துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். “இண்டையிலிருந்து,” என்றார்.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்ததும் தனலெட்சுமி கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நேரே போய் ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நானும் பின்னால் ஏறக் காலை வைத்தேன். அம்பலவாணர் என் தோளைத் தட்டினார்.

“சன்னாசி, நீர் கற்போரல்லோ.”

நான் நடந்து இறங்கினேன்.

ஆஸ்பத்திரியில் அன்றிரவே சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்கும் என்று அங்கே ஒரு டாக்டர், எந்தப் புள்ளியையும் எதிர்பார்க்காத களைத்த முகத்தோடு சொன்னார். எனக்கு அவரிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பழக்கத்தில், உங்களுக்கு மார்க் போட வேண்டுமா ஐயா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னையும் ஒரு நோயாளி போலப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு கிழமை கழித்து, பார்வையாளர் நேரத்தில் நிரோஜன் வந்தார். கையில் தோடம்பழப் பை. மற்றக் கையில் ஒரு தாள். கட்டில் பக்கத்தில் நின்று அவள் காலைப் பார்த்தார், கட்டைப் பிரித்துப் பார்த்தார், திரும்பக் கட்டினார். யாரும் கேட்காமலே செய்தார். பிறகு தாளை விரித்தார்.

“அம்மா, அண்டைக்கு எனக்கு மார்க் போடேல்ல. விண்ணப்பம் முடியுற நாள் கிட்டுது. முந்தின ஏழோட சேர்த்துச் சராசரி எட்டு வரவேணும். அதுதான்.”

தனலெட்சுமி திட்டுவாள் என்று நான் நினைத்தேன். அவள் போர்வையை விலக்கி இரண்டு கால்களையும் நீட்டினாள்.

“எண்ணுங்க.”

“என்னம்மா?”

“வெரல. ஒழுங்கா எண்ணிப் பாருங்க.”

நிரோஜன் எண்ணினார். உதடு அசைய, ஒவ்வொன்றாக எண்ணினார்.

“ஒன்பது.”

“அதையே போட்டுக்குங்க. சாக்குக்கு ஒண்ணு கழிஞ்சிருச்சு.”

அவர் ஒன்பது என்று எழுதினார். பேனாவை மூடப் போனவர் ஏதோ நினைத்துக்கொண்டு நிமிர்ந்தார். தோட்டத்துக் கணக்கு அவருக்கும் பழகிவிட்டது.

“தண்ணிக்கு ரெண்டு கழிக்கேல்லையே அம்மா?”

“எங்க கழிக்கிறது டாக்டரய்யா,” என்றாள் தனலெட்சுமி, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு. “லயத்துப் பைப்புல இன்னும் தண்ணி வரலையே.”